மூட்டையில் ஒன்று குறையும்

நாலு மாடிக் கட்டடம். படிக்கட்டு தொடங்கும் இடத்தில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற ஒரு அறை. அதுதான் அக்காவின் இஸ்திரிக் கடை. ஒரு நீள மேசை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கனத்த மின்சார இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் தெளிக்கிற பாட்டில், பின்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி. அலமாரிக்குப் பூட்டு உண்டு. துணி தேய்க்கிற கடையில் பூட்டு எதற்கு என்று யாராவது கேட்டால், "உள்ளே புதையல் இருக்கு, வெளிய சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சிரிப்பாள். அவள் சிரிப்பு நாலாம் மாடி வரைக்கும் கேட்கும்.

கட்டடம் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஒண்ணு குறையுது அக்கா'. காரணம் எளிது. இருபது துணி கொடுத்தால் பத்தொன்பதுதான் திரும்பி வரும். குறைந்த துணி அடுத்த முறை பத்திரமாக வந்து சேரும், ஆனால் அப்போது வேறொன்று குறையும். மற்றபடி அவள் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒரு துணியைக் கருக்கியதில்லை, ஒரு பொத்தானை உடைத்ததில்லை. அவள் மடித்த சட்டையைப் பிரிக்கவே மனம் வராது. இந்த ஒரு மறதிக்காக அவளை விட்டுவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போக யாருக்கும் மனசில்லை.

முதல் மாடி டீச்சர் மட்டும் விடமாட்டார். ஓய்வு பெற்றும் வருகைப் பதிவு எடுக்கிற பழக்கம் போகாத மனுஷி. துணி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார்.

"பதினெட்டு குடுத்தேன். பதினேழுதான் வந்திருக்கு."

"ஐயோ டீச்சர், ஒரு தலையணை உறை மேசைக்கு அடியில போயிருக்கும். நாளைக்கு நானே மேலே கொண்டாந்து குடுத்துடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"போன வாரம் கைக்குட்டை டீச்சர்."

டீச்சர் நோட்டை மூடிக்கொண்டு போவார். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, அலமாரியைத் திறந்து, தலையணை உறையை அதன் இடத்தில் வைத்துப் பூட்டுவாள். அவளுக்கு மறதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பதினாறு வீட்டுக்கும் பதினாறு தட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல், அந்த நூலால் துணியின் ஓரத்திலோ பொத்தான் துளையிலோ ஒரு சின்ன முடிச்சு. எந்த நேரம் திறந்தாலும் ஒவ்வொரு தட்டிலும் அந்த வீட்டுத் துணி ஒன்று இருக்கும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். கடிகாரம் பழுது பார்க்கிறவர், வாயைத் திறந்து பேசுவதை ஒரு செலவாகவே நினைக்கிறவர். அவர் எங்கே வெளியில் சொல்லப்போகிறார்!

இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் புருஷன் நூலகத்தில் வேலை. பரம சாது என்று பெயர். அக்காவைப் பார்த்தால், "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் தாண்டமாட்டான். நர்ஸுக்கும் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் தொடர்பு என்று அவன் மண்டைக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஐந்து மாதம் தினமும் சண்டை. படிக்கட்டு வழியாக எல்லாம் கீழே இறங்கி அக்காவின் கடைக்குள் வந்துவிடும். கட்டடத்தில் எல்லோரும் என்ன செய்தார்கள் தெரியுமா? டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நாகரிகம் பேசினார்கள். அக்காவும்தான் பேசினாள்.

பிறகு ஒரு வாரம் சண்டையே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. அந்த வியாழக்கிழமை மதியம் மேலேயிருந்து ஒரே ஒரு குரல், அதுவும் பாதியில் நின்றுபோனது. அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்று யோசித்தாள். அந்த வீட்டுத் துணி அத்தனையும், ஒன்று குறையாமல், காலையில்தான் கொடுத்திருந்தாள். வெறும் கையோடு போய் நின்றால் வேவு பார்க்க வந்தவள் என்று நினைப்பார்களே என்று கூச்சம். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. நர்ஸைக் கீழே கொண்டுவந்தபோது அவள்மேல் போர்த்தியிருந்த விரிப்பு, காலையில் அக்கா தேய்த்துக் கொடுத்தது. மடிப்புக் கோடு கூடக் கலையவில்லை.

"கையில ஒரு கைக்குட்டை இருந்திருந்தா போயிருப்பேன்" என்று அன்று அக்கா தன் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள். அடுத்த வாரமே தச்சரைக் கூப்பிட்டு அலமாரி செய்யச் சொன்னாள்.

அதிலிருந்து மேலே எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் அக்கா அந்தத் தட்டைத் திறப்பாள். துணியைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறுவாள். கதவைத் தட்டி, "ஒண்ணு குறைஞ்சுதுன்னு சொன்னீங்களே, இந்தாங்க" என்பாள். அப்புறம் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்பாள். தண்ணீர் வந்ததும் உட்காருவாள். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டாள். சொந்தக்காரர் வீட்டு நாய்க்குப் பல் வலி வந்த கதையிலிருந்து ஆரம்பித்து, சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் எதற்குச் சண்டை போட்டோம் என்றே மறந்துபோகிற வரைக்கும் அறுப்பாள். பெரும்பாலும் சிரிப்புச் சண்டைகள்தான். ஒருமுறை நாலாம் மாடிக்குத் தலையணை உறையோடு போனாள். "உறை வந்துடுச்சு அக்கா, தலையணைதான் இல்ல" என்றாள் அந்த வீட்டுக்காரி. தலையணை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது. அக்காவே இறங்கிப் போய் எடுத்துவந்து, உறை மாட்டி, நடுக்கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிக்கு ஒரு புது ஜோடி குடிவந்தது. அவன் கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். வெள்ளைக் கோட் இரண்டு வைத்திருந்தாள், மாற்றி மாற்றித் தேய்க்க வரும். கோட் பாக்கெட்டில் எப்போதும் பேனா மை. "உன் பேனாவைக் கல்யாணம் பண்ணிக் குடுத்துடு, என்னால முடியல" என்று அக்கா திட்டுவாள். அந்தப் பெண் சிரிப்பாள். வந்த புதிதில் நன்றாகவே சிரித்தாள்.

கிரேன் தம்பிக்கு அவள்மேல் சந்தேகம். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் பத்து நிமிஷத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும். கடைக்கு மருந்து கொண்டுவருகிற ஆளிடம் ஒரு வார்த்தை பேசினால் தப்பு. கிரேன் கூண்டில் உட்கார்ந்தால் ஊரே தெரியும் என்பதால் ஒரு தொலைநோக்கி வாங்கி, வேலை நேரத்தில் அவள் கடை வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கீழே கம்பியைத் தூக்கச் சொல்லி ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்களாம், இவன் மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு மாதத்தில் ஏழு முறை அவள் மூன்றாம் மாடி ஏறினாள். ஏழு முறையும் கதவைத் திறந்தவன் முகத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டு, "வாங்க அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றான். நர்ஸின் புருஷன் கேட்ட அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள்.

"உனக்கு அக்கா யாரோ இருக்காங்கன்னு சொன்னியே, கொஞ்ச நாள் போய் இரேன்" என்று ஒருநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"போனா, யாரைப் பார்க்கப் போறேன்னு கேப்பாரு அக்கா" என்றாள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான் கடை விளக்கு கெட்டுப்போனது. மழை வாரம். மாற்றுவதற்கு ஆள் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பல்பைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு அக்கா வேலையை ஓட்டினாள். அந்த வெளிச்சத்தில் பச்சை நூலும் நீல நூலும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பச்சை, கிரேன் தம்பி வீடு. நீலம், இரண்டாம் மாடி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வீடு. பாடம் சொல்லிக்கொடுக்கும்போது "கிளட்ச், கிளட்ச்!" என்று அலறுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே கிளட்ச் சார். இரண்டு தட்டிலும் அந்த வாரம் இருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டையும் ஒன்றாக வெளியில் எடுத்து, அவரவர் மூட்டையில் வைத்து அனுப்பினாள். அவரவர் மூட்டை என்று நினைத்துக்கொண்டு.

பதினொரு வருஷத்தில் முதல் தப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கிரேன் தம்பி படியிறங்கி வந்தான். ஷேவ் செய்து, தலை வாரி, பளிச்சென்று இருந்தான். கையில் மடித்த சட்டை. அதை மேசைமேல் மெதுவாக வைத்தான்.

"இது யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

அக்கா பிரித்துப் பார்த்தாள். அவனைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம், அவ்வளவு பெரிய சட்டை. பொத்தான் துளையில் நீல முடிச்சு. பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அடக் கடவுளே, என் தப்பு தம்பி! மூட்டை மாறிப்போச்சு."

"அவளும் அதைத்தான் சொன்னா." அவன் குரல் ஏறவே இல்லை. "உங்க மூட்டையில எப்பவும் ஒண்ணு குறையும். ஒரு நாளும் அடுத்தவங்க துணி வந்தது இல்ல. இந்தக் கட்டடத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க."

அப்போதுதான் அவன் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவியை அக்கா பார்த்தாள்.

"தங்கச்சி எங்க?"

"ரூம்ல. பூட்டியிருக்கேன். ஆள் யாருன்னு தெரிஞ்சா போதும். போய் முடிச்சுடுவேன்."

என்ன முடிப்பான் என்று அக்கா கேட்கவில்லை. காலையிலிருந்து மேலே சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கிளட்ச் சார் பெயரை மட்டும் சொன்னால் மூட்டை மாறியதை இவன் நம்பமாட்டான், அவர் கதவைத்தான் உடைப்பான். சொல்லாவிட்டால் மேலே போவான். அவன் நம்புவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செய்தால் நாளையிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒரு வீடும் அவளிடம் துணி கொடுக்காது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள்.

"நல்லா பாருங்க தம்பி. பதினாறு தட்டு. இது டீச்சர் வீட்டுத் துண்டு. இது நாலாம் மாடி தலையணை உறை. எனக்கு மறதியெல்லாம் கிடையாது. வேணும்னேதான் ஒண்ணு எடுத்து வைக்கிறேன், பதினொரு வருஷமா. எந்த வீட்லயாவது சத்தம் வந்தா மேலே ஏறணும்ல, அதுக்கு. உங்க வீட்டுக்கு ஏழு தடவை வந்தேனே, அது துணி குடுக்கவா வந்தேன்?"

அவன் அலமாரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"உங்க சட்டை ஒண்ணு ஒரு வாரமா காணோமா இல்லியா? நீலக் கட்டம், கை மடிக்கிற இடத்துல பட்டன் வச்சது. இருக்கான்னு சொல்லுங்க."

அவன் நெற்றி சுருங்கியது. "அது அவ வாங்கிக் குடுத்தது" என்றான்.

"வாங்க, காட்டறேன்."

இரண்டாம் மாடிக் கதவை அக்கா தட்டிய தட்டில் கிளட்ச் சார் ஓடிவந்து திறந்தார். ஒரு கையில் பாதி கடித்த வெள்ளரிக்காய். உடம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை. வயிற்றுக்கு நேரே இருந்த மூன்று பொத்தான்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு மேலே, ஒரு பொத்தான் துளையில், பச்சை முடிச்சு.

"அக்கா, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை" என்றார் அவர். "ஒரு வாரமா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். வெறும் வெள்ளரிக்காய். அப்பவும் இந்தச் சட்டை இறுக்குது! தினமும் போட்டுப் பார்க்கறேன், தினமும் இறுக்குது! டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் நடுப் பொத்தான் பிய்த்துக்கொண்டு பறந்தது. படியில் விழுந்து, உருண்டு, முதல் மாடி வரைக்கும் டக் டக்கென்று போயிற்று. உள்ளேயிருந்து அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. கிரேன் தம்பி வாயைத் திறந்தான், சிரிப்புதான் வரப்போகிறது என்று அவனே நினைத்திருப்பான். அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தான்.

"சார், இவரு பக்கத்துல உக்காருங்க. நான் இறங்கி வர்ற வரைக்கும் எழுந்திருக்க விடாதீங்க." ஏன் எதற்கு என்று கிளட்ச் சார் கேட்கவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தார், வெள்ளரிக்காயை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபின் அந்தப் படிக்கட்டில் ஒரு பூனை கூடத் தாண்ட முடியாது.

மேலே அறைக் கதவைத் திறந்தபோது அந்தப் பெண் தரையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். உடைந்த செல்போன் பக்கத்தில் கிடந்தது. கழுத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. அக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று தெரியாதபோது அவள் வாய் எப்போதும் தானாகப் பேசும், இப்போதும் பேசியது.

"கிளட்ச் சார் சட்டைம்மா. நான்தான் மாத்திட்டேன். அந்த மனுஷன் உங்க வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு வாரமா பட்டினி கிடக்கறாரு."

அந்தப் பெண் சிரித்தாள். தொண்டை வலித்தாலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டாள்:

"அக்கா, நிஜமாவே அது ஒருத்தனோட சட்டையா இருந்திருந்தா?"

அக்காவுக்கு நர்ஸின் ஞாபகம் வந்தது. தொடர்பு இருந்ததா இல்லையா என்று பதினொரு வருஷமாகக் கட்டடம் மண்டையை உடைத்துக்கொள்கிறது. அவளும் உடைத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"இருந்திருந்தாலும் இந்தச் சாவி உன் கையிலதான் இருக்கணும்" என்று சொல்லி அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

அரை மணி நேரத்தில் ஒரு பெட்டி தயாராகிவிட்டது. இரண்டு பேரும் இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் அவன் கிளட்ச் சாருக்குப் பக்கத்தில் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

"தப்பா நினைச்சுட்டேன். சட்டை விஷயம்தான் தெரிஞ்சுபோச்சே. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நின்றாள். "நீங்க சட்டையைத் தப்பா நினைச்சதுக்காக நான் போகல" என்றாள். கிளட்ச் சார் எழுந்து வழி விட்டார், அவள் தாண்டியதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கதவுக்குக் கதவு ஆள் நின்றார்கள். அன்றைக்கு ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மூன்று பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். புகாரை டீச்சர்தான் எழுதினார், அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அங்கிருந்து அந்தப் பெண் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம்.

திரும்பி வரும் வழியில் அக்கா, துணி யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று மனசைத் தயார் செய்துகொண்டாள். மறுநாள் காலை டீச்சர் முதல் ஆளாகக் கடைக்கு வந்து நோட்டைப் பிரித்தார்.

"பதினொரு வருஷமா என் எண்ணிக்கைதான் சரி. இப்பவாவது ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கறேன் டீச்சர்."

"பதினெட்டு இருக்கு. பதினேழைக் குடு போதும்" என்று மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே கிளட்ச் சார் வந்தார். தன் சொந்தச் சட்டையைப் போட்டிருந்தார், ஒரே வாரத்தில் எட்டு கிலோ குறைந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில் ஒன்று நடந்தது, அதை அக்கா தன் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னாள். பஸ் வந்து நின்றதும் அந்தப் பெண் பெட்டியைத் திறந்து, இரண்டு வெள்ளைக் கோட்டில் ஒன்றை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"இதைத் தேய்ச்சு வைங்கக்கா. உடனே குடுத்துடாதீங்க."

அலமாரியில் இப்போது பதினேழாவதாக ஒரு தட்டு இருக்கிறது. அதற்குச் சிவப்பு நூல், எந்த வெளிச்சத்திலும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறுகிறாள், கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கிறாள், வரும்போது மை பட்ட இன்னொரு கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள்.